இளம் நகரத் திட்டமிடலாளர்களைக் கௌரவிப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக்கான கேள்வி பதில்

நவம்பர் 8 உலக நகரத் திட்டமிடல் நாள். 1949இல் புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மரியா டெல்லா பாவ்லேரா தொடக்கிவைத்தது. அந்தத் திகதி நெருங்கும்போது நம் பக்கத்திலும் பேச்சு எழும்: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் நகரத் திட்டமிடல் படித்து இந்த வேலைக்கு வந்திருக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு பாராட்டு வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் யாருக்கு, எதற்காக, எப்படித் தெரிவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சபைகளிலும் சங்கங்களிலும் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம், நடைமுறை என்று வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். என் அபிப்பிராயம் வரும் இடங்கள் படிக்கும்போதே தெரியும். அங்கே தாராளமாகச் சண்டை பிடிக்கலாம்.

நகரத் திட்டமிடலாளர் என்றால் யார்? பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் செய்யாத எதை இவர் செய்கிறார்?

வீட்டை வடிவமைப்பவர் கட்டடக் கலைஞர். பாலத்தைப் பொறியியலாளர் பார்த்துக்கொள்வார். அந்த வீடு அந்த இடத்தில் வரலாமா, பாலம் எந்த இரண்டு ஊரைச் சேர்க்க வேண்டும், சந்தை எங்கே, பஸ் நிலையம் எங்கே, மாரித் தண்ணீர் எந்த வழியால் வெளியேறும் என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கிறவர் திட்டமிடலாளர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. படித்து வந்தவர்கள் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும், தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களத்திலும், மாநகர சபைகளிலும், தனியார் ஆலோசனை நிறுவனங்களிலும் வேலை செய்கிறார்கள்.

தொழில் நாட்டுக்குப் புதிதும் இல்லை. ஸ்கொட்லாந்துத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் 1921இலேயே கொழும்புக்கு ஒரு திட்ட அறிக்கை எழுதினார். நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் 1946இல் வந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978இல். நம் பக்கத்தில் அம்பாறை நகரமே 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்தோடு திட்டமிட்டு எழுப்பிய ஊர்தான்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு விருது போதாதா? இளையவர்களுக்கு ஏன் தனியாக?

பொது விருது வைத்தால் அது பணிப்பாளருக்குத்தான் போகும். அவர் தகுதியில்லாதவர் என்று சொல்ல வரவில்லை. அவருடைய பெயர் எல்லா ஆவணத்திலும் இருக்கும். இளையவருடைய பெயர் எதிலும் இருக்காது, அவ்வளவுதான்.

பாராட்டினால் பிள்ளைகள் ஊரிலேயே நின்றுவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. ஒருவர் நிற்பதையும் போவதையும் சம்பளமும் பதவி உயர்வும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தீர்மானிக்கும். வேறொரு காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு நல்ல வேலையை யார் செய்தார் என்று தெரிந்த மேலதிகாரி நாலைந்து வருடத்தில் இடமாற்றமாகிப் போவார், அல்லது ஓய்வு பெறுவார். அதற்குள் எழுதி வைக்காவிட்டால் அந்த வேலைக்குச் சாட்சி இல்லாமல் போய்விடும்.

'ஆரம்ப காலம்' என்பது எத்தனை வருடம்? வயதைப் பார்ப்பதா, சேவைக் காலத்தைப் பார்ப்பதா?

வெளிநாடுகளில் இரண்டும் உண்டு. பிரித்தானியாவின் அரச நகரத் திட்டமிடல் நிறுவகத்தில் இளம் திட்டமிடலாளர் என்றால் தொழிலுக்கு வந்து முதல் பத்து ஆண்டுக்குள் இருப்பவர். வேறு சில அமைப்புகள் 35 வயது என்று கோடு போடுகின்றன.

நமக்கு வயதுக் கோடு சரிவராது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பதிலேயே காலம் போகும். பட்டம் எடுத்த பிறகு நியமனத்துக்குக் காத்திருப்பதில் இன்னும் கொஞ்சம். யுத்த காலத்தில் படிப்பை இடையில் விட்டுப் பிறகு தொடர்ந்தவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றுக்காக வேலையிலிருந்து சிறிது காலம் விலகியிருந்த பெண்களும் இருக்கிறார்கள். 36 வயதில் மூன்று வருட அனுபவத்தோடு நிற்கிறவரை 'வயது போய்விட்டது' என்று தள்ளுவது அநியாயம். முதல் நியமனத்திலிருந்து எட்டு அல்லது பத்து வருடம், இடையில் விட்ட காலத்தைக் கழித்து என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இப்படியான விருதுகள் ஏற்கெனவே எங்கே இருக்கின்றன?

பிரித்தானிய நிறுவகம் 1914இல் தொடங்கியது. அதன் வருடாந்த விருதுகளில் 'ஆண்டின் இளம் திட்டமிடலாளர்' ஒரு பிரிவு. ஆஸ்திரேலியத் திட்டமிடல் நிறுவகத்திலும் அதே பெயரில் ஒன்று உண்டு. 1965இல் உருவான நகர, பிராந்தியத் திட்டமிடலாளர்களின் சர்வதேசச் சங்கம் இளையவர்களுக்கென்று பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது: வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளை ஒரு நகரத்துக்கு அழைத்து, அங்குள்ள உண்மையான பிரச்சினை ஒன்றைக் கையில் கொடுத்து, சில நாளில் தீர்வு கேட்பார்கள். கேடயத்தைவிட இது பயனுள்ள கௌரவம் என்பேன். இலங்கையில் தொழிலுக்கான அமைப்பு இலங்கை நகரத் திட்டமிடலாளர் நிறுவனம். இளம் உறுப்பினர்கள் என்ன விண்ணப்பிக்கலாம் என்பதை முதலில் அங்கேதான் கேட்க வேண்டும்.

மாவட்ட மட்டத்தில் ஒன்று வைப்பதற்கு இவர்கள் யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு மாநகர சபையோ, பல்கலைக்கழகத் துறையோ, வர்த்தகர் சங்கமோ தொடங்கலாம்.

நம் மாவட்டங்களில் நல்ல திட்டமிடல் வேலை என்று எதைச் சொல்வது? கொழும்பு அளவுகோல் பொருந்துமா?

பொருந்தாது. நமக்கு முதல் கேள்வி தண்ணீர்.

நிலத்தைப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று பிரதான வீதி கடலோரமாகவே போகிறது. சனமும் அந்த ஒடுங்கிய துண்டில்தான் நெருக்கி இருக்கிறது. மட்டக்களப்பில் கிழக்கே கடல் பக்கமுள்ள எழுவான்கரைக்கும் மேற்கே உள்ள படுவான்கரைக்கும் நடுவில் வாவி. தெற்கே கல்முனைப் பக்கம் மேற்கெல்லாம் வயல்வட்டை. மாரியில் மேற்கிலிருந்து வரும் தண்ணீர் வீதியையும் குடியிருப்பையும் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். போகிற வழி தோணாவும் (ஊருக்குள்ளால் கடலுக்குப் போகும் நீரோடை) மதகும் முகத்துவாரமும். தோணாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வளவாக்கினால், வீதியை உயர்த்திவிட்டு மதகை அகலப்படுத்தாமல் விட்டால், அடுத்த மாரியில் கணக்குத் தீர்க்கப்படும். 2011 ஜனவரி வெள்ளம் இரண்டு மாவட்டத்தையும் எப்படி மூழ்கடித்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துக்கொண்டு போய் மத்ரஸா மாணவர்கள் இறந்தார்கள். வயலை ஊடறுக்கும் வீதியில், மாரியில், தண்ணீர் எந்த வேகத்தில் குறுக்கே பாயும் என்பது ஒரு திட்டமிடல் கேள்வி.

ஆகவே இளம் திட்டமிடலாளர் ஒருவரின் வேலையைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது, அவர் தண்ணீரின் வழியைத் தெரிந்துகொண்டாரா என்பதைத்தான். கணினியில் உயர வரைபடம் போட்டால் மட்டும் போதாது. நம் நிலம் அவ்வளவு தட்டை. ஓரடி வித்தியாசத்தில் வெள்ளம் திசை மாறும். வயல்வட்டையின் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டைவிதானையிடம் போய், எந்த வாய்க்கால் எந்த மாதம் நிரம்பும், எந்த வரம்பை வெட்டினால் யாருடைய வயல் மூழ்கும் என்று கேட்டு, அதைப் படத்தில் ஏற்றியிருந்தால் அது வேலை.

இரண்டாவது, கடல். 2004 சுனாமியில் மாவட்டங்களிலேயே அதிக உயிர் போனது அம்பாறையில். அதற்குப் பிறகு 2005இல் கடலோரத்தில் கட்டடம் கட்டத் தடை வலயம் போட்டார்கள்: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நம் ஊர்களில் 200 மீற்றரை விட்டால் வீடு கட்ட எங்கே நிலம் மிஞ்சும்? பிறகு தளர்த்தினார்கள். இந்த அனுபவத்துக்குப் பிறகும் தூரத்திலிருந்து வரும் அளவுகளை நிலத்தில் வைத்துப் பார்க்காமல் அப்படியே படத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வைத்துப் பார்த்து, 'இங்கே இது இப்படி விழுகிறது' என்று எழுத்தில் கொடுக்கிறவரைக் கவனியுங்கள்.

மூன்றாவது, தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகமும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்க்கிற எல்லைகளில் வேலை செய்யும் பக்குவம். இதைக் கடிதத்தில் நிரூபிப்பது கஷ்டம். ஆனால் ஒரே வரைபடத்தைக் கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் விரித்து ஒரே விளக்கத்தைச் சொன்னவரா என்று விசாரித்தால் தெரிந்துவிடும்.

கொஞ்சம் கிட்டப் போய்க் காட்ட முடியுமா? ஒரு சின்ன வேலை எப்படி இருக்கும்?

ஒரு கோப்பைக் கற்பனை செய்வோம். பத்துப் பேர்ச்சஸ் காணி, பிரதான வீதியோரம், மூன்று மாடிக் கடை வீடு. சபையின் திட்டமிடல் குழுக் கூட்டத்துக்கு வருகிறது. உறுதி சரி, நில அளவைப் படம் சரி, முன்னுக்கு விட வேண்டிய இடமும் விட்டாயிற்று. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் அடுத்த கோப்பை எடுக்கப் போகிறார்கள். அப்போது இளம் உத்தியோகத்தர் ஒருவர் படத்தின் பின்பக்க மூலையைக் காட்டிக் கேட்கிறார்: "சேர், இந்த வடிகான் அம்புக்குறி வளவு எல்லையோட நிக்குது. அதுக்கு அங்கால தண்ணி எங்க போகுது?"

யாருக்கும் தெரியாது. படவரைஞர் வழக்கம்போல் ஒரு அம்பு போட்டிருக்கிறார். அடுத்த நாள் அந்த இளம் உத்தியோகத்தர் தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு போய்ப் பார்க்கிறார். பின் வளவுக்காரர் மதில் கட்டியபோது பழைய மதகின் வாயை அடைத்திருக்கிறார். ஒழுங்கையில் இருக்கிற வீடுகளின் தண்ணீரெல்லாம் இந்தக் காணியில்தான் இத்தனை காலம் நின்று வற்றியிருக்கிறது. இங்கே கொங்கிறீற் விழுந்தால் இனி ஒழுங்கையில் நிற்கும். அவர் விண்ணப்பத்தை நிராகரிக்கவில்லை. காணிக்கு ஓரமாக மூடிய வடிகான் ஒன்று, மதகு வாயைத் திறப்பது சபையின் பொறுப்பு என்று இரண்டு நிபந்தனை போட்டு அனுமதிக்குப் பரிந்துரைக்கிறார். கட்டி முடிந்ததும், அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழைக் கொடுக்க முன் போய் வடிகானைத் திறந்தும் பார்க்கிறார்.

இந்த வேலைக்குப் புகைப்படம் கிடையாது. திறப்பு விழாவும் கிடையாது. விருதுக் குழு தேடிப் போக வேண்டிய வேலை இதுதான்.

'வேண்டாம்' என்று சொல்லித் திட்டத்தை நிறுத்தியவரைக் கௌரவிக்கலாமா? அவர் எதையும் கட்டவில்லையே?

கௌரவிக்கலாம், நிபந்தனையோடு. நெற்காணியை நிரப்ப கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்; 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கரையோர வலயத்தில், அதாவது உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இதெல்லாம் இருந்தும் இரவோடிரவாக டிப்பரில் மண் வந்து கொட்டுகிறதை எல்லோரும் பார்க்கிறோம். அதை எழுத்தில் ஆட்சேபித்த இளம் உத்தியோகத்தர் தொலைபேசியில் என்னென்ன கேட்டிருப்பார் என்று ஊகிக்கலாம்.

நிபந்தனை என்னவென்றால், காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். மாற்று வழியும் சொல்லியிருக்க வேண்டும். ஏழைக்கு மட்டும் சட்டம் பேசி, வசதியானவருக்கு வழிவிட்டவர் நேர்மையானவர் ஆகமாட்டார். ஒரே மாதிரியான இரண்டு விண்ணப்பத்துக்கு ஒரே பதில் கொடுத்தாரா என்று கேளுங்கள்.

அவர் வரைந்த திட்டம் நடைமுறைக்கே வரவில்லை. அலுமாரியில் கிடக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை. காசு வராதது, அரசு மாறியது, சபை கலைந்தது எதுவும் அவர் கையில் இல்லை. ஆனால் அலுமாரியில் கிடக்கும் திட்டங்களிலும் வித்தியாசம் உண்டு. சிலவற்றிலிருந்து ஒரு வீதிக் கோடு, ஒரு ஒதுக்கிய விளையாட்டுத் திடல், ஒரு மதகு அளவு என்று ஏதாவது பிற்கால வேலைகளில் எடுத்தாளப்பட்டிருக்கும். சில திட்டங்களில் அட்டைப்படம் மட்டும்தான் நன்றாக இருக்கும். ஏரியில் படகு, கரையில் நடைபாதை, சைக்கிளில் போகிற வெள்ளைக்காரர். அந்தப் படத்துக்குப் பரிசு கொடுக்காதீர்கள்.

வரைபடத்தில் மேலதிகாரியின் கையெழுத்துத்தான் இருக்கிறது. இளையவரின் பங்கு எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

எல்லா விருதுக் குழுவும் தடுமாறும் இடம் இதுதான். திட்டமிடல் கூட்டு வேலை. நில அளவையாளர், பொறியியலாளர், சமூக உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர் என்று பலர் கை பட்டுத்தான் ஒரு திட்டம் வரும். 'முழுக்க நானே செய்தேன்' என்று ஒருவர் எழுதினால் அதையே சந்தேகப்படுங்கள்.

தடயம் பார்க்க வழி இருக்கிறது. வரைபடத்தின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர். இளையவரின் சுருக்கொப்பம் முதல் வரியில் கிடக்கும். கோப்பின் குறிப்புத் தாள்களில் யார் எந்தத் திகதியில் என்ன எழுதினார் என்பது இருக்கும். வெளிக்களக் குறிப்புப் புத்தகம், கூட்ட அறிக்கை, பழைய வரைவுக்கும் புதிய வரைவுக்கும் இடையே நடந்த மாற்றம், இவையெல்லாம் பேசும். வெளியில் காட்டக்கூடிய ஆவணம் என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்டு எடுக்கலாம்.

இதற்கெல்லாம் மேலாக, மேலதிகாரியிடமே நேரில் கேளுங்கள்: "இந்தப் பிள்ளை இல்லாவிட்டால் இந்தத் திட்டத்தில் எது இல்லாமல் போயிருக்கும்?" நல்ல மேலதிகாரி யோசித்து ஒன்றைச் சொல்வார். 'எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம்' என்று முடித்தால், ஒன்று அவருக்குத் தெரியாது, அல்லது சொல்ல மனமில்லை.

பரிந்துரைக் கடிதம் எழுதச் சொன்னார்கள். என்ன எழுதுவது?

நம்மவர்கள் எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'இவர் நேர்மையானவர், கடின உழைப்பாளி, அனைவருடனும் அன்பாகப் பழகும் சுபாவம் கொண்டவர், தனக்கு வழங்கப்படும் பணிகளைச் செவ்வனே நிறைவேற்றுபவர்.' இதைக் கல்யாணத் தரகரிடம் கொடுக்கலாம். விருதுக் குழுவுக்கு உதவாது, ஏனென்றால் எல்லாக் கடிதத்திலும் இதேதான் இருக்கும்.

குழுவுக்கு நான்கு விஷயம் தெரிய வேண்டும். என்ன பிரச்சினை இருந்தது? இவர் என்ன செய்தார்? அதனால் எது மாறியது? இவருக்கு உதவியவர்கள் யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதினால் பரிந்துரை பலவீனமாகும் என்று பயப்படுகிறார்கள். அனுபவப்பட்ட நடுவர் அதைத்தான் முதலில் தேடுவார்.

மாதிரிக்கு ஒன்று: 'உள்வீதி ஒன்றை உயர்த்தும் முன்மொழிவு வந்தபோது அதில் மதகு ஒன்றுதான் காட்டப்பட்டிருந்தது. இவர் அந்த வீதியின் இரு பக்கமும் வீடு வீடாகப் போய், முன்னைய வெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டம்வரை வந்தது என்று சுவரில் காட்டச் சொல்லிக் குறித்தார். அதை வைத்துத் தாழ்வான இன்னோர் இடத்தையும் கண்டுபிடித்தார். நீர்ப்பாசனப் பொறியியலாளரின் ஆலோசனையோடு இரண்டாவது மதகு சேர்க்கப்பட்டது. கணக்குப் பார்த்தது பொறியியலாளர். அந்தக் கேள்வியைக் கேட்டது இவர்.' ஆறு வசனம்தான். இதில் 'கடின உழைப்பாளி' என்ற சொல்லே இல்லை, ஆனால் வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். படம் இணைப்பதென்றால் வேலைக்கு முந்தியது ஒன்று, பிந்தியது ஒன்று. அமைச்சரோடு நிற்கும் படம் தேவையில்லை.

ஒருவர் தன்னைத் தானே பரிந்துரைக்கலாமா?

கட்டாயம் அனுமதிக்க வேண்டும். 'தன் வாயால் தன்னைச் சொல்வதா' என்று கூச்சப்படுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அதனால் நட்டப்படுவது அடக்கமான பிள்ளைகள். மேலதிகாரியோடு ஒத்துப்போகாதவருக்கும் இது ஒன்றுதான் வழி. வெளியாள் ஒருவரின் உறுதிக் கடிதம் சேர்க்கச் சொன்னால் போதும்.

கிழக்கில் பிறந்தவரா, கிழக்கில் வேலை செய்தவரா?

வேலை செய்தவர். குருநாகலிலிருந்து நியமனம் பெற்று வந்து, கொஞ்சம் தமிழ் பழகி, மூன்று மாரியை இங்கே பார்த்துவிட்டுப் போன உத்தியோகத்தரும் தகுதியானவர். இடமாற்றமாகிப் போனாலும் அவர் செய்த வேலை இங்கேதான் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் தனியாக ஒரு பாராட்டு வையுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் இதே வேலையைச் செய்கிறார்களே. அவர்கள் விண்ணப்பிக்கலாமா?

நியாயமான கேள்வி. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துவிட்டுப் பிரதேச செயலகத்தில் இருக்கிறவர், வெள்ள அபாய வரைபடத்தை ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபட மென்பொருளில் தானே போட்டு வைத்திருப்பார். சின்னப் பிரதேச சபைகளில் திட்டமிடலாளர் என்று ஒருவரே இருக்கமாட்டார். தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான் எல்லாம். அவர்களை வாசலில் நிறுத்தினால் மாவட்டத்தில் நடக்கும் திட்டமிடல் வேலையில் பெரும் பகுதி கணக்கில் வராது.

ஆனால் தகைமை பெற்றவர் என்ற பட்டத்தை இதன் மூலம் கொடுக்கவும் கூடாது. தொழில்சார் உறுப்புரிமைக்குப் பட்டம், அனுபவம், மதிப்பீடு என்று தனி வழி இருக்கிறது. அதைச் சிரமப்பட்டுக் கடந்தவர்களுக்கு மதிப்பு இருக்க வேண்டும். இரண்டு பிரிவாக வையுங்கள். பரிசுத் தொகை மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

அரச ஊழியர் விருது வாங்குவதில் சட்டச் சிக்கல் வருமா?

கவனமாக நடந்தால் வராது. விண்ணப்பிக்க முன் திணைக்களத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி எடுக்கச் சொல்லுங்கள். உத்தியோகபூர்வத் தகவலை வெளியிடுவதற்கும் அரச ஊழியர்களுக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவையில் ஒழுங்கு இருக்கிறது. இன்னும் வர்த்தமானியில் வராத வரைவுத் திட்டத்தை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பினால் அந்தப் பிள்ளை சிக்கலில் மாட்டும். எந்தக் காணி எந்த வலயத்துக்குள் வரப்போகிறது என்பது காணி வியாபாரிக்குக் காசுக்குச் சமமான தகவல்.

அனுசரணை விஷயத்தில் இன்னும் கவனம். ஒரு காணி விற்பனை நிறுவனம் பரிசுத் தொகையைத் தருகிறது, அதே நிறுவனத்தின் காணிப் பிரிப்புக் கோப்பு அந்த உத்தியோகத்தரின் மேசையில் கிடக்கிறது என்றால், அதைப் பரிசு என்று யாரும் நம்பமாட்டார்கள். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு இதில் விளையாட முடியாது. பல்கலைக்கழகம், பழைய மாணவர் அமைப்பு, புலம்பெயர்ந்த தொழில்சார் நண்பர்கள் என்று தேடினால் சுத்தமான காசு கிடைக்கும்.

நடுவர்களாக யாரைப் போடுவது?

ஐந்து பேர் போதும். மாவட்டத்துக்கு வெளியேயிருந்து அனுபவமுள்ள திட்டமிடலாளர் இருவர், நீர்ப்பாசனம் அல்லது வீதி தெரிந்த பொறியியலாளர் ஒருவர், கமக்கார அமைப்பிலிருந்து ஒருவர், நகரத்தில் கடை வைத்திருக்கும் அல்லது தினமும் பஸ்ஸில் போய் வரும் பொதுமகள் ஒருவர். கடைசி ஆளைச் சும்மா அலங்காரத்துக்குப் போடாமல் வாக்குரிமையோடு போடுங்கள். ஐந்து பேரும் ஒரே சமூகத்தவராக இருந்தால் முடிவு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் வெளியே எடுபடாது.

அரசியல்வாதிகள் வேண்டாம். விழாவுக்கு வரட்டும், மாலை போடட்டும். புள்ளி போட வேண்டாம்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் வேலையை நடுவர்கள் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். முடிந்தால் டிசம்பரில், மழைக்குள். ஓகஸ்டில் பார்த்தால் நம் மாவட்டத்தில் எல்லா வடிகானும் அழகாகத்தான் இருக்கும்.

பொன்னாடையா, கேடயமா, பணமா?

பொன்னாடை போர்த்தாமல் நம் ஊரில் விழா நடக்காது, போர்த்துங்கள். ஆனால் செலவை அங்கேயே முடித்துவிடாதீர்கள். ஏழு பேர் வாழ்த்துரை நிகழ்த்தி, வென்றவருக்கு இரண்டு நிமிடம் கொடுக்கிற விழாக்களைப் பார்த்து அலுத்துவிட்டது. வென்றவருக்கு இருபது நிமிடம் கொடுத்து, திரையில் தன் வேலையைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். சபை உறுப்பினர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

பரிசாக நான் சிபாரிசு செய்வது: தொழில்சார் உறுப்புரிமைக் கட்டணம், ஒரு குறுகிய பயிற்சிக்கான செலவு, அல்லது வேறொரு மாவட்டத்து அலுவலகத்தில் சில கிழமை இருந்து பழகும் வாய்ப்பு. பணமாகக் கொடுப்பதிலும் தவறில்லை. வீட்டுக் கடன் கட்டுகிற பிள்ளைக்குப் பணம்தான் நல்ல பரிசு.

'உங்களுக்கு விருது கிடைத்திருக்கிறது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று அழைப்பு வந்தது. உண்மையா?

விண்ணப்பத்துக்குச் சிறு கட்டணம் அறவிடும் தொழில்சார் அமைப்புகள் உண்டு. அது முன்னரே அறிவித்திருக்கும், தோற்றாலும் வென்றாலும் ஒன்றுதான். விண்ணப்பிக்காமலே 'தெரிவாகிவிட்டீர்கள்' என்று சொல்லி, சான்றிதழுக்கும் மேடைக்கும் சாப்பாட்டுக்கும் காசு கேட்டால் அது வியாபாரம். பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பட்டங்கள் இந்த வழியில் எத்தனையோ பேருக்குக் கிடைத்திருக்கின்றன. நடுவர் யார், அளவுகோல் என்ன என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு அழைப்பு நின்றுவிடும்.

இந்த வருடம் தகுதியான ஒருவரும் வரவில்லை என்றால்?

கொடுக்காமல் விடலாம், விதிமுறையில் அதற்கு ஒரு வரி முன்கூட்டியே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மண்டபம் பிடித்தாயிற்று என்று யாரையாவது மேடையேற்ற வேண்டி வரும். அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: அறிவித்தல் பிரதேச சபைகளின் தொழில்நுட்பப் பிரிவுவரை போய்ச் சேர்ந்ததா? மாவட்டச் செயலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு விண்ணப்பம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வெல்லாவெளிக்கும் பொத்துவிலுக்கும் தொலைபேசி எடுத்து, சம்பந்தப்பட்டவரின் பெயரைக் கேட்டு, அவரிடமே நேரில் பேசுங்கள். கடைசித் திகதியையும் இரண்டு கிழமை தள்ளி வைக்கலாம்.